கைப்பிடி அரிசியைப் பிரித்த நாள்

ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் அக்கா" என்று கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. இந்த லுத்தரன் சபையின் உதவிப் பணிக்கு நான் இருபத்தாறு வருஷம் பொறுப்பாக இருந்தவள். நல்லபடியாக நடந்தவற்றைச் சொன்னால் தூங்கிவிடுவீர்கள். அவையெல்லாம் சபையின் ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன, யாரும் வாசிப்பதில்லை. அறிக்கையில் வராத ஒன்றைச் சொல்கிறேன். புதிதாக இந்தப் பணிக்கு வந்திருக்கிற நீங்கள் நாலு பேரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுப்பது சுலபமான வேலை என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். சேர்ந்த புதிதில் கடலோரத்தில் ஒரு பாலர் பள்ளிக்கு நாலு மின்விசிறி வாங்கிக் கொடுத்தோம். சபைப் போதகரான ஐயர் வந்து ஜெபம் செய்தார், ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம், பிறகு சுவிட்சைத் தேடினோம். அந்தக் கட்டடத்துக்குக் கரண்ட்டே இல்லை. எனக்கு முகம் எரிந்தது. அங்கிருந்த டீச்சர்தான் பாவம், "இருக்கட்டும்க்கா, கடக்காத்துக்கு அதுவே சுத்தும்" என்று சமாதானம் சொன்னாள். உண்மையிலேயே சுற்றியது.

அது சின்னப் பிழை. பெரிய பிழையை நான் அரிசியில் செய்தேன்.

நம் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனி டப்பாவில் போட்டுவிடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக்கொண்டு வந்து, கோயில் வாசல் பக்கம் இருக்கிற பெரிய டிரம்மில் கொட்டுவார்கள். இதுதான் கைப்பிடி அரிசி. யார் எவ்வளவு கொட்டினார்கள், என்ன அரிசி கொட்டினார்கள் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. டிரம் நிறைந்ததும் அப்படியே மாவு மில்லுக்குப் போகும். மாவாகி வந்ததை முதியோர் இல்லத்துக்குக் கொடுப்போம், அவர்கள் புட்டு அவித்துக்கொள்வார்கள். ஆகவே அந்த அரிசியை யாரும் அரிசியாகச் சமைத்ததே கிடையாது.

அப்புறம் வெள்ளம் வந்தது. அந்த மழையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, எல்லோர் வீட்டுச் சுவரிலும் தண்ணீர் ஏறிய கோடு இன்னும் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய நட்சத்திரங்கள் தெருவில் மிதந்து போயின. நம் கோயிலும் பள்ளிக்கூடமும் கொஞ்சம் மேட்டில் இருப்பதால் தப்பித்தன. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் கழுத்தளவு தண்ணீர். அங்கிருந்து நூறு பேருக்கு மேல், குழந்தை குட்டிகளோடு நம் பள்ளி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதல் இரண்டு நாள் ரொட்டியும் பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுத்தோம். நான் கையில் ஆட்கணக்கு எழுதிய பேப்பரை வைத்துக்கொண்டு, "எல்லாரும் உட்காருங்க, யாரும் எழும்ப வேண்டாம், நாங்களே கொண்டாந்து தருவோம்" என்று ராணுவ அதிகாரி மாதிரி நடந்தேன். மண்டபத்தில் ஒரு மோசமான வாடை மட்டும் இருந்தது. எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று பெண்கள் சங்கத்தார் இரண்டு நாளாகப் பெஞ்சு பெஞ்சாகத் தூக்கித் தேடினார்கள். கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. நிவாரண லாரி எங்கேயோ தண்ணீரில் நிற்கிறது என்றார்கள். சபை மூப்பரான அரிசிக்கடை அண்ணாச்சியின் கடையில் இடுப்பளவு தண்ணீர். அவருடைய மூட்டைகள் எல்லாம் ஊறிப் பொங்கிக் கிடந்தன. கரண்ட் இல்லாததால் மாவு மில்லும் ஓடவில்லை. ஊரில் நனையாமல் மிஞ்சிய அரிசி என்று எனக்குத் தெரிந்தது, வாசல் பக்கம் இரண்டு டிரம் நிறைய இருந்த கைப்பிடி அரிசிதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. குடியிருப்பு ஆண்களில் ஏழெட்டுப் பேர் திரும்பிப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மாதிரி மாடசாமி என்று ஒருவர். அவருக்கு இரண்டு ஆடு. வரும்போது அவற்றைப் பக்கத்து மாடி வீட்டு மொட்டைமாடியில் ஏற்றி விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வயித்தக் காயப்போட்டு இங்கன ஒக்காந்திருக்கதுக்கு, அங்கன போயி ஆட்டையாவது பாப்பேன்" என்றார்.

போவதென்றால் ஓடைப் பாலத்தைக் கடக்க வேண்டும். மேலே குளம் உடைந்து தண்ணீர் இன்னும் சுழித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. "மத்தியானம் சுடச்சுடச் சோறு போடுறோம், அதுவரைக்கும் இருங்க" என்று கெஞ்சினேன். "சோறுன்னா இருக்கோம். இல்லன்னா பன்னெண்டு மணிக்குக் கெளம்புதோம்" என்றார். ஆக, பன்னிரண்டு மணிக்குள் சோறு வேண்டும். வராவிட்டால் ஏழெட்டுக் குடும்பத்து ஆண்கள் அந்தத் தண்ணீரில் இறங்குவார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

நம் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்குமே, ஊரே உட்கார்ந்து சாப்பிடுமே, அதற்குச் சமைக்கிற ஞானமுத்து அண்ணனை வரச் சொன்னேன். இடுப்பளவு தண்ணீரில், கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அசனத்துக்கு வாங்கிய விறகு பள்ளி மாடியில் காய்ந்துதான் இருந்தது. டிரம்மைத் திறந்து கையை விட்டார். ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். திரும்பப் போட்டார்.

"யக்கா, இது அரிசி இல்ல, ஊர்க்கூட்டம். பொன்னி கெடக்கு, இட்லி அரிசி கெடக்கு, பச்சரிசி கெடக்கு, ரேஷன் அரிசி கெடக்கு. ஒண்ணு வேகதுக்குள்ள இன்னொண்ணு கொழஞ்சிரும். நான் எதப் பாத்து வடிக்கது?"

"எப்படியாவது பொங்குங்கண்ணே."

"கொழஞ்ச சோறு என் கையால எறங்குச்சின்னு இந்தத் தூத்துக்குடியில ஒருத்தன் சொல்லட்டும். நான் கரண்டியத் தொடமாட்டேன்."

சோதனைக்கு ஒரு சின்னப் பானையில் வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒரு வாய்க்குள்ளேயே பாதி பசையாகவும் பாதி பல்லில் கடிபடும் கல்லாகவும் இருந்தது. மணி ஒன்பதரை.

அப்போதுதான் அரிசிக்கடை அண்ணாச்சி முன்னால் வந்தார். நாற்பது வருஷ அரிசி வியாபாரம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணியைக் கடித்து, எந்த ரகம், எத்தனை மாதம் பழசு என்று சொல்லுவார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவரும் அவர்தான்.

"இதுக்குப் போயி எதுக்கு மலைக்கீய? பிரிச்சிருவோம். பெண்கள் சங்கத்தக் கூப்பிடுங்க, ஆளுக்கொரு சொளகக் குடுங்க. நான் பக்கத்துல நின்னு ரகத்தச் சொல்லுதேன். ரகம் ரகமா வடிச்சா ஞானமுத்துக்கு என்ன சங்கடம்?"

பிள்ளைகளே, நூறு பேர் பசியோடு இருக்கும்போது ஒருவர் ஒழுங்கான ஒரு திட்டத்தோடு வந்தால், அதில் ஒரு பெரிய நிம்மதி இருக்கிறது. வேலை நடப்பது போலவே இருக்கும். நான் சரி என்றேன். அந்தச் சரிதான் என் பிழை.

கோயிலுக்குள் பாய் விரித்து, பன்னிரண்டு பெண்கள் சுளகோடு, அரிசி புடைக்கிற முறத்தோடு, உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி நடுவில் நின்றார். ஒவ்வொரு சுளகிலிருந்தும் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைப்பார், யோசிப்பார், தீர்ப்புச் சொல்லுவார். "பொன்னி. பழசு." அடுத்தது. "இட்லி அரிசி." அடுத்தது. "இது ரேஷன்." அடுத்தது. "இதுவும் ரேஷன்." கொஞ்ச நேரத்தில் ரேஷன் அரிசிக் குவியல் மட்டும் மலையாக வளர்ந்தது. பொன்னி ஓரமாக ஒரு கைக்குட்டைக்குள் அடங்கும்.

முதலில் ஒருத்தி சும்மா இருக்காமல், "எங்க வீட்டுல பொன்னிதாம்மா போடுவோம்" என்றாள். உடனே அடுத்தவள், "நாங்களும் பொன்னிதான்" என்றாள். மூன்றாமவள், "நாங்க பாசுமதிகூடப் போட்டிருக்கோம்" என்றாள். பாசுமதி மொத்தமே ஒரு கைப்பிடிதான் இருந்தது; மூன்று பேர் அதற்குச் சொந்தம் கொண்டாடினார்கள். பன்னிரண்டு பேரும் பொன்னி. அப்படியானால் இந்த மலையைக் கொட்டினது யார்? ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். பார்க்கப்பட்டவள், "என்னய ஏன் பாக்க?" என்றாள். அடுத்த ஐந்து நிமிஷத்தில், பத்து வருஷத்துக்கு முன்னால் யாருடைய கல்யாணத்தில் யார் என்ன சீர் செய்தார்கள் என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. ஐயர் ஒரு பாட்டை ஆரம்பித்துப் பார்த்தார். இரண்டாம் அடிக்கு மேல் அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

அண்ணாச்சி கையைத் தூக்கினார். "அமைதி, அமைதி. கோயிலுக்கு ரேஷன் அரிசி போடுதது யாருன்னு எனக்குத் தெரியும். பேரச் சொல்ல மாட்டேன். ஆனா மனசாட்சின்னு ஒண்ணு வேணும். எங்க வீட்டுல இருந்து வந்தது அத்தனையும் மொதத் தரம்."

அவர் மனைவி ஜெபமணி அக்கா மூலையில் சுளகோடு இருந்தார். அதிகம் பேசாத மனுஷி. சுளகைக் கீழே வைத்தார்.

"கடையில இருந்து நீங்க வீட்டுக்கு நல்ல அரிசி கொண்டாந்து எத்தன வருசமாச்சி? எல்லாத்தையும் வித்துப்புட்டு வெறுங்கையோட வாரீய. நான் ரேஷன்ல வாங்கித்தான் பொங்குதேன். நீங்களும் பொன்னி பொன்னின்னு சொல்லிச் சொல்லித் திங்கீய. நான் அதுல இருந்துதான் ஒரு பிடி அள்ளிப் போட்டேன்."

கோயிலில் அவ்வளவு அமைதியை நான் பெரிய வெள்ளிக்கிழமையில்கூடக் கண்டதில்லை. அண்ணாச்சியின் வாயில் அப்போது ஒரு மணி அரிசி இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றார். முதலில் சிரித்தது ஞானமுத்து அண்ணன். பிறகு ஒவ்வொருத்தியாக, "சரி விடுங்க, நானும் ரேஷன்தான்", "எங்க வீட்டுலயும் அதான்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நானும் சொன்னேன். என் வீட்டு டப்பாவிலிருந்து போனதும் அதுதான்.

சிரித்து முடித்து மணியைப் பார்த்தேன். பதினொன்று தாண்டியிருந்தது. மலை என்று பார்த்ததையும் சேர்த்து, பிரித்து எடுத்தது நூறு பேருக்கு ஆளுக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அடுப்பு எரியவே இல்லை.

வாசலில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பேச்சியம்மாள், மாடசாமியின் மனைவி. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. முகத்தில் சிரிப்பு இல்லை.

"யக்கா, நீங்க ஏசுனது பூரா மண்டபத்துக்குக் கேக்கு. ரேஷன் அரிசி ரேஷன் அரிசின்னு என்னமோ வெசத்தக் கண்ட மாதிரி பேசுதீய. நாங்க பொறந்ததுல இருந்து அதத்தான் திங்கோம்."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவமானமாக இருந்தது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். யாருக்கு என்று கொடுக்கிறோமோ அவர்கள் காதில் விழும்படி, அவர்கள் சாப்பாட்டை ஒன்றரை மணி நேரம் கேவலமாகப் பேசியிருந்தோம்.

"தப்புதாம்மா. சோறாக்க வழி தெரியாம..." என்று இழுத்தேன்.

அவர் டிரம் பக்கம் போய்க் கையை விட்டு அரிசியைப் பார்த்தார். "சோறாக்கணும்னு யாரு சொன்னா? கஞ்சி காச்ச வேண்டியதான? தண்ணிய நல்லாக் கூட வச்சி, குண்டரிசி வேகுற மட்டும் விட்டா, மெலிசு பூரா கரைஞ்சி கொழுகொழுன்னு வரும். கஞ்சிக்குக் கலப்படம்தான் ருசி."

"விருந்துக்கு வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்துறதா?" என்றேன்.

"விருந்துக்கா வந்தோம்? தண்ணி வந்து வந்தோம். மூணு நாளா ரொட்டியத் தின்னு நாக்கு செத்துப்போச்சி. சூடா வெந்நி குடுத்தாக்கூடக் குடிப்போம்." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "இன்னொண்ணு சொல்லுதேன், கோவிச்சிக்கிடாதீய. மூணு நாளா எங்கள ஒக்கார வச்சி எல்லாத்தையும் கையில கொண்டாந்து தாரீய. எங்களுக்கு ஒக்காந்து பழக்கமில்லக்கா. காலையில ஆறு மணிக்கு உப்பளத்துல எறங்குத ஆளுக. எங்க வீட்டு ஆளு ஆட்டப் பாக்கவா கெளம்புதாரு? சும்மா இருக்க முடியாமத்தான் கெளம்புதாரு" என்றார்.

கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் மாடசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஏழு பேர். பேச்சியம்மாள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. நேராக அவரிடம் போனார்.

"ஏங்க, அங்கன எங்க போறீய? அண்டாவத் தூக்க ஆளில்ல. வெறக எறக்கணும். கல்லுக் கூட்டி அடுப்புப் போடணும். இவுக பாவம், ஒண்ணும் தெரியல."

இவர்கள் பாவம் என்று அவர் கை காட்டியது எங்களைத்தான். மாடசாமி எங்களை ஒருமுறை பார்த்தார். சுளகும் கையுமாக நின்ற பன்னிரண்டு பெண்கள், ஒரு ஐயர், வாயில் அரிசியோடு ஒரு மூப்பர். அவருக்கு உண்மையிலேயே இரக்கம் வந்திருக்க வேண்டும். வேட்டியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, "எலேய், வெறகு எங்க இருக்குன்னு பாருங்கலே" என்று மற்றவர்களை விரட்டினார். பதினைந்து நிமிஷத்தில் மூன்று அடுப்பு எரிந்தது.

பிரித்து வைத்த குவியல்களையெல்லாம் நானே அள்ளி அண்டாவில் கொட்டினேன். பாசுமதியையும் சேர்த்துத்தான். ஞானமுத்து அண்ணன் கரண்டியைத் தரமாட்டேன் என்று சிறிது நேரம் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மாள், "நீங்க சோத்துக்கு மாஸ்டர். கஞ்சிக்கு நான். குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். அவர் தலைமையில் எங்கள் சமையல்காரர் விறகு தள்ளினார்.

கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று நான் கேட்டேன். ஒரு கிழவர் கூச்சத்தோடு மண்டபத்துக்குள் போய் ஒரு சாக்குப் பையை எடுத்து வந்தார். வெள்ளத்தில் வீட்டைவிட்டு ஓடும்போது ரேஷன் கார்டை மறந்தவர், கருவாட்டு மூட்டையை மறக்கவில்லை. நாங்கள் இரண்டு நாளாகத் தேடிய செத்த எலி அதுதான். கோயில் வளாகத்தில், அதுவும் கிறிஸ்துமஸ் காலத்தில், கருவாடு சுடுவதா என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஐயர் அவர்களைப் பார்த்து, "சீக்கிரம் சுடுங்க" என்றார்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கஞ்சி இறங்கியது. நான் வழக்கம்போல், "எல்லாரும் உட்காருங்க" என்று ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் என் கையிலிருந்த பேப்பரை வாங்கி மடித்து அடுப்பில் போட்டார்.

"காலையில இருந்து நீங்க பச்சத் தண்ணி குடிக்கல. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஒக்காருங்க."

மண்டபத்தில், குடியிருப்புக் குழந்தைகளுக்கு நடுவில், நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம். மாடசாமி கஞ்சி ஊற்றிக்கொண்டே வந்தார். அண்ணாச்சி இரண்டாவது தடவை வாங்கினார். என்ன ரகம் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. நான் ஒரு வாய் குடித்தேன். பிள்ளைகளே, அதுவரை இருபத்து மூன்று வருஷம் நான் கைப்பிடி அரிசி கொடுத்துக்கொண்டிருந்தவள். அதைச் சாப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. நாம் கொடுத்த ரொட்டியையும் சாப்பிட்டதில்லை, நாம் கொடுத்த போர்வையைப் போர்த்துக்கொண்டதும் இல்லை. இன்றைக்கு உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன் என்றால் அது இதுதான். எதைக் கொடுத்தாலும் முதலில் அவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். சமைக்கிறவர் அவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு லாரி டிரைவர் நனைந்துபோய் கேட்டுக்குள் வந்தார். துறைமுகத்துக்குப் போகிற வண்டியாம். குடிக்கத் தண்ணீர் கேட்டார். எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று மாடசாமி விசாரித்தார்.

"ஓடைப் பாலத்துக்குக் கொஞ்சம் இங்கிட்டு நின்னுட்டேன் அண்ணே. பன்னெண்டே கால் இருக்கும், என் கண்ணு முன்னாலயே பாலத்தோட ரோட்டத் தண்ணி அப்படியே அத்துக்கிட்டுப் போயிட்டு. நல்லவேள, மேல ஒரு ஆளுகூட இல்ல."

மாடசாமி கஞ்சி வாளியைக் கீழே வைத்தார். அந்த ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியிருந்தால், பன்னிரண்டே காலுக்கு அவர்கள் அந்தப் பாலத்தின் மேல்தான் இருந்திருப்பார்கள். நான் சுளகை வைத்துக்கொண்டு ரகம் பிரித்துக்கொண்டிருந்திருப்பேன். கஞ்சிக் கும்பாவைக் கீழே வைக்கவும் தெரியாமல், எழும்பவும் தெரியாமல், அத்தனை பேர் நடுவில் தேம்பித் தேம்பி அழுதேன். கண்ணீர் கஞ்சிக்குள் சொட்டுவது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

பேச்சியம்மாளின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. புருஷனை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து குனிந்து கும்பாவை எட்டிப் பார்த்தார்.

"அழாதீயக்கா" என்றார். "உப்பு நாங்க சரியாத்தான் போட்டிருக்கோம்."